நஞ்சு மேட்டின் எட்டுக்கால் குடிகள்

ஒரு புனல். அதன் வாயில் ஒரு கம்பி வலை. வலைமேல் ஒரு பிடி லைக்கன். அதற்கு மேலே எரியும் ஒரு மின்விளக்கு. விளக்கின் சூட்டில் லைக்கன் மேலிருந்து கீழாக உலரத் தொடங்கும்போது, அதற்குள் ஒளிந்திருந்த உயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழிறங்கி, வலைக்கண் வழியே நழுவி, அடியில் வைத்த எரிசாராயக் குப்பியில் விழுகின்றன. கசகசாவினும் சிறிய, பழுப்பு நிறத்தில் மின்னும் உருண்டைகள். உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் எட்டுக் கால்கள் தெரியும். போலந்தின் தெற்கே, ஈயமும் துத்தநாகமும் உருக்கிக் கொட்டிய கழிவு மேடுகளில் பறித்த லைக்கன்களிலிருந்தும் இவ்வுயிர்கள் விழுகின்றன. நெடுங்காலம் செத்த நிலம் என்று பேசப்பட்ட மேடுகள் அவை.

லைக்கன் என்றால் என்ன என்று கேட்பவர் சமையலறை அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்க்கலாம். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கப்படும் கல்பாசி ஒரு லைக்கன்தான். பெயரில் பாசி இருந்தாலும் அது பாசி மட்டுமன்று. பூஞ்சையும் பாசியும் ஒன்றாய்ப் பின்னி ஓருடலாக வாழும் கூட்டுயிர். சிற்றுண்ணி என்பது மாட்டின் மேல் ஒட்டும் உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவுடைய நுண்ணுயிரினம். அவற்றுள் ஒரிபாட்டிட் என்னும் பெருங்குழு குருதி குடிப்பதில்லை. மட்கும் இலைகளையும் பூஞ்சைகளையும் தின்று மண்ணை உருவாக்குவதே அதன் தொழில். இவ்விரண்டும் நச்சுலோக நிலத்தில் சந்தித்துக்கொண்டமை உயிரியல் செய்தி மட்டுமன்று. அந்த நிலத்தை மனிதர் எப்படி வாசித்தார்கள், எங்கே தவறாக வாசித்தார்கள் என்பதன் வரலாறும் அதில் அடங்கியிருக்கிறது.

நிலத்திலிருந்து தொடங்குவதே முறை. கிராக்கோவுக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் ஓல்குஷ் என்னும் ஊர் இருக்கிறது. இடைக்காலம் தொட்டு அங்கே வெள்ளி கலந்த ஈயத் தாது தோண்டப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் ஊர் தன் செல்வத்தின் உச்சியில் இருந்தது. அரசனின் நாணயச் சாலையே அங்கு இயங்கிற்று. சுரங்கத்தின் முதற்பகை நிலத்தடி நீர். அதை வடிக்க மலையடியில் நெடுந்தொலைவுக்கு வடிகால் சுருங்கைகள் வெட்டினார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவீடன் படைகள் போலந்துக்குள் புகுந்தன, பராமரிப்பற்ற சுரங்கங்களில் நீர் ஏறியது, ஊர் சரிந்தது.

தாதுவை உருக்க விறகு வேண்டும். சுரங்கச் சுவர்களைத் தாங்க மரம் வேண்டும். சுற்றிலும் இருந்த காடுகள் நூற்றாண்டுக்கணக்கில் வெட்டப்பட்டன. மரங்கள் போன இடத்தில் பனியூழிக் காலத்து ஆற்று மணல் வெளிப்பட்டு, காற்றில் அலைந்து, ஐரோப்பாவின் நடுவே ஒரு பாலைநிலமாயிற்று. புவெந்தோவ் பாலை என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. மழை பெய்யும் நாட்டில் ஒரு பாலை! இயற்கை அதிசயம் என்று பயணிகளுக்குக் காட்டப்படும் அந்த மணல்வெளி, பெருமளவு கோடரியின் ஆக்கம்.

ஈயத்துக்குப் பின் துத்தநாகத்தின் முறை வந்தது. இவ்வுலோகத்தின் கதையில் இந்தியாவுக்கு ஓர் உரிமையான இடமுண்டு. துத்தநாகம் 907 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும்; திறந்த உலையில் உருக்கினால் புகையாய்ப் போய்விடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிர்விக்கும் வடித்தல் முறையை, ராஜஸ்தானின் ஜாவர் மலைப்பகுதிக் கைவினைஞர்கள் ஐரோப்பாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொழில் அளவில் நடத்தினர். கத்தரிக்காய் வடிவிலான அவர்களுடைய சுடுமண் கலங்கள் 1980களின் அகழாய்வில் உலையோடு கிடைத்தன. ஆசியத் துத்தநாகத்தை விற்ற போர்த்துக்கீசிய வணிகர் அதை ‘துத்தனாகா’ என்றே அழைத்தனர். தமிழர் நாவிலுள்ள சொல்லும் அச்சொல்லும் ஒரே குடும்பம். பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் இவ்வுலோகத்தை வடிக்கும் முறைக்கு 1738இல் காப்புரிமை பெற்றார். 1798இல் மேல் சிலேசியாவின் வெசோவாவில் யோஹான் ருபெர்க் நிலக்கரியால் இயங்கும் துத்தநாக உலையை அமைத்தார். தாதுவும் நிலக்கரியும் அருகருகே கிடைத்த மண் அது. சில பத்தாண்டுகளில் மேல் சிலேசியா உலகத் துத்தநாக உற்பத்தியின் முன்னணிக்கு வந்துவிட்டது.

அப்பகுதியின் சுரங்கங்களைப் பார்க்கப் பெரியோர் வந்தனர். தர்னோவ்ஸ்கியே கூரியின் ஈயச் சுரங்கத்தில் நீரிறைக்க 1788இல் நிறுவிய நீராவி இயந்திரத்தை 1790இல் கவிஞர் கெதே நேரில் வந்து கண்டார். இயந்திரத்தைப் பார்த்தவர்கள் பலர். பக்கத்தில் உயர்ந்துகொண்டிருந்த கழிவு மேட்டைப் பார்த்து எழுதியவர்கள் அரியர். அது இயல்புதான். குப்பை மேட்டுக்கு எந்தக் காலத்தில் யார் வரலாறு எழுதினார்கள்?

அடுத்த நூற்றாண்டில், இந்நிலத்தோடு தொடர்பேயில்லாத ஒரு பூங்காவில், லைக்கனை வாசிக்கும் கலை பிறந்தது. பின்லாந்தில் பிறந்து பாரிசில் குடியேறிய வில்லியம் நைலாண்டர், 1866இல் லக்சம்பர்க் பூங்காவின் மரங்களில் வளர்ந்த லைக்கன்களைப் பட்டியலிட்டார். நகரின் பிற பகுதிகளில் காணாதவை அங்கே இருப்பதைக் கண்டு, லைக்கன்கள் காற்றின் தூய்மையை அளக்கும் கருவிகள் என்று கூறினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தப் பூங்காவிலிருந்தும் அவை மறைந்தன. அதற்கு முன்பே, 1859இல், மான்செஸ்டர் வட்டாரத் தாவரங்களைப் பற்றி எழுதிய லியோ கிரிண்டன், ஆலைப் புகையும் மரம் வெட்டலும் லைக்கன்களைக் குறைத்துவிட்டதாகக் குறித்திருந்தார்.

நைலாண்டரின் வாழ்வில் ஒரு முரண் உண்டு. 1860களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வென்டெனர், லைக்கன் தனியுயிர் அன்று, பூஞ்சை என்னும் எசமானன் பாசிகளை அடிமைகளாகப் பிடித்து வைத்திருக்கும் குடும்பம் என்று அறிவித்தார். நைலாண்டர் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. லைக்கன் எதைச் சொல்கிறது என்று முதலில் கண்டவருக்கு, லைக்கன் எது என்பது பிடிபடாமலே போயிற்று. பின்னாளைய ஆய்வு ஷ்வென்டெனர் பக்கமே நின்றது, எசமானன் அடிமை என்ற உவமையை மட்டும் கழித்துவிட்டு.

1970இல் ஹாக்ஸ்வொர்த், ரோஸ் என்னும் இரு ஆங்கிலேயர்கள் மரப்பட்டையில் எந்த லைக்கன்கள் இருக்கின்றன என்பதை வைத்துக் காற்றின் கந்தக டை ஆக்சைடு அளவை மதிப்பிடும் படிநிலைப் பட்டியலை வெளியிட்டனர். பள்ளிப் பிள்ளைகள்கூடப் பயன்படுத்தக்கூடிய முறை. அதன் வெற்றியே ஒரு தவறான எளிமைக்கும் வழிவிட்டது. லைக்கன் இருந்தால் நலம், இல்லையேல் நஞ்சு என்னும் சூத்திரம் பாடநூல்களில் நிலைபெற்றது. கந்தகப் புகைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். உலோகத்துக்குப் பொருந்தாது.

உருக்காலைக் கழிவு மேட்டில் நிகழ்வது இதற்கு நேரெதிர். அங்கே மண் வறண்டது, சத்தற்றது, ஈயமும் துத்தநாகமும் காட்மியமும் செறிந்தது. பெரும்பாலான புல்லும் செடியும் அங்கே வேர்கொள்ள முடியாது. லைக்கனுக்கு வேரே இல்லை. அதன் நோய் வேறு. மெல்ல வளரும் அதை வேறிடங்களில் புல் மூடிக் கொன்றுவிடும். இங்கே மூடுவார் இல்லை. ஆகவே கிளாடோனியா இனங்கள் சாம்பல் பச்சைச் செதில்களாகவும் குட்டைக் கிண்ணங்களாகவும் தரையை நிரப்புகின்றன. அவற்றுள் கிளாடோனியா ரெய் என்பது போலந்தின் கழிவு மேடுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் தாங்குதிறன் மிக்க இனம். டிப்லோஸ்கிஸ்டெஸ் மஸ்கோரம் என்னும் இன்னொன்று கிளாடோனியாவின் மேல் ஒட்டுண்ணியாக வாழ்வைத் தொடங்கிப் பின் தனிக்குடித்தனம் நடத்துவது. அது துத்தநாகத்தை வியக்கத்தக்க அளவு தன்னுள் சேர்க்கிறது. 1998இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதை ஊடுகதிர் நிறமாலையியலால் ஆராய்ந்தபோது, துத்தநாகம் ஆக்சலேட் உப்பாகப் பூட்டி வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. உயிர் நஞ்சை விரட்டவில்லை. கரையாத உப்பாக மாற்றி வீட்டிலேயே அடுக்கி வைத்திருக்கிறது.

அந்த வீட்டுக்குத்தான் சிற்றுண்ணி குடிவருகிறது.

சிற்றுண்ணியை மனிதர் உற்றுநோக்கிய வரலாறும் நீண்டது. 1665இல் ராபர்ட் ஹூக் தம் உருப்பெருக்கி நூலில் சிற்றுண்ணிகளை வருணித்தார். 1880களில் ஆல்பர்ட் மைக்கேல் பிரிட்டனின் ஒரிபாட்டிட்களை இரு தொகுதிகளில் படங்களோடு வகைப்படுத்தினார். ஆனால் மண்ணிலும் லைக்கனிலும் மறைந்திருப்பவற்றைக் கையால் பொறுக்குவது எத்தனை பேருக்குக் கூடும்? 1905இல் இத்தாலியின் ஆன்டோனியோ பெர்லேசே, வெந்நீரால் சூடேற்றும் ஒரு புனலை அமைத்தார். 1918இல் சுவீடனின் ஆல்பர்ட் துல்கிரென் வெந்நீருக்குப் பதில் மின்விளக்கைத் தொங்கவிட்டார். தொடக்கத்தில் சொன்ன அந்தப் புனல் இதுவே. உயிர்களைத் தேடிப் போவதற்கு மாற்றாக அவற்றையே இறங்கி வரச் செய்த இந்தக் கருவி இல்லாமல் மண்ணுயிரியல் என்ற துறை வளர்ந்திருக்காது.

ஸ்காட்லாந்தின் ரைனி ஊர்ப் பாறையில், 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய சிற்றுண்ணிகள் கல்லாய் உறைந்து கிடைத்தன. 1923இல் அவை வருணிக்கப்பட்டன. அதே பாறையில் லைக்கன் போன்றதொரு கூட்டுயிரும் 1990களில் அடையாளம் காணப்பட்டது. அவ்விரண்டும் அன்றே அண்டை வீட்டார். இன்றைய உறவு அதனினும் நெருக்கம். சிற்றுண்ணிக்கு லைக்கன் வெயிலில் நிழல், குளிரில் போர்வை, சில இனங்களுக்கு உணவு. பதிலுக்கு லைக்கன் பெறுவது என்ன என்பதை 2002இல் சுவிஸ் ஆய்வொன்று காட்டிற்று. மஞ்சள் நிறச் சாந்தோரியா லைக்கனைத் தின்ற சிற்றுண்ணிகளின் எச்சத்தில் பூஞ்சையும் பாசியும் உயிரோடு இருந்தன. அந்த எச்சத்திலிருந்து மீண்டும் வளர்க்கவும் முடிந்தது. ஆலம்பழம் தின்ற பறவை செய்யும் வேலையை, ஒரு மில்லிமீட்டரை எட்டாத உயிர் லைக்கனுக்குச் செய்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்து ஆராய்ந்த பெருந்தொகுப்பு, சைட், சீவர்ட் என்பவர்களின் கட்டுரையாக 1984இல் வந்தது. அதற்கு முன்னரே, 1971இல் ஆலிவர் கில்பர்ட், காற்று மாசு மரப்பட்டையின் சிற்றுயிர்களை நேரடியாகவன்றி லைக்கனை அழிப்பதன் வழியாகவும் தாக்குகிறது என்று காட்டியிருந்தார். வீடு இடிந்தால் குடிகள் போவார்கள். உலோக நிலத்தில் கேள்வி வேறு. வீடு நிற்கிறது, சுவரெல்லாம் நஞ்சு. குடி என்ன ஆகிறது?

ஒரிபாட்டிட்கள் அவசரமறியாதவை. ஒரு தலைமுறைக்கு ஓராண்டோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்வன உண்டு, முட்டைகளும் சிலவே. பிளாட்டினோத்ரஸ் பெல்டிஃபர் என்னும் இனத்தில் பெண்கள் ஆண் துணையின்றியே பெண்களை ஈனுகின்றன. அதன் மரபுக்கிளைகள் பிரிந்து ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்று 2007இல் மரபணு ஆய்வு மதிப்பிட்டது. இந்த இனத்துக்கு ஈயமும் செம்பும் கலந்த உணவைக் கொடுத்து நெதர்லாந்தில் 1991இல் வெளியிட்ட சோதனை ஓர் உண்மையைத் தெளிவாக்கியது. முதிர்ந்த உயிரைக் கொல்லாத அளவே அதன் முட்டையிடலைக் குறைத்துவிடுகிறது. புனலில் விழும் தலைகளை எண்ணுபவருக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். அடுத்த தலைமுறையை எண்ணினால்தான் கேடு புலப்படும். மேலும், எதை எப்படித் தின்கிறது என்பதைப் பொறுத்து நஞ்சு சேரும் அளவும் மாறும். பூஞ்சையின் சுவரையே செரிக்கும் இனம், அச்சுவரில் ஒட்டிய ஈயத்தையும் சேர்த்தே விழுங்குகிறது.

போலந்தில் கத்தோவித்சே நகரின் சிலேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோத்ர் ஸ்குபாவா, 1990கள் தொட்டுத் தொழிற்கழிவு மேடுகளின் ஒரிபாட்டிட்களை ஆராய்ந்து வந்தவர். அவரும் உடனுழைத்தோரும், மேடுகளில் வளரும் லைக்கன்களில் வாழும் சிற்றுண்ணிச் சமூகங்களைப் பற்றி 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இத்தகைய நிலங்களில் கிடைக்கும் சித்திரம் சுடுகாடும் அன்று, சோலையும் அன்று. தாங்குதிறன் கொண்ட சில இனங்கள் பெருகியிருக்கும்; காட்டுமண்ணின் பன்மை இராது. எந்த இனங்கள் இருக்கின்றன, எவை வரவில்லை என்பதே அங்கே செய்தி. உயிர் உண்டா இல்லையா என்பது தவறான வினா.

அவ்வினாவின் தவறு மனித உயிர்களில் அளக்கப்பட்ட இடமும் அதே வட்டாரம்தான். கத்தோவித்சேயின் ஷோபியெனித்சே பகுதியில் ஒரு பெரும் உலோக உருக்காலை இருந்தது. சுவரையொட்டித் தொழிலாளர் குடியிருப்புகள். குழந்தைகள் முற்றத்து மண்ணில் விளையாடினர். அருகே தோட்டங்களில் காய்கறி பயிரிட்டனர். 1974இல், அங்கே குழந்தை மருத்துவராக இருந்த யோலந்தா வதோவ்ஸ்கா-க்ருல், தம்மிடம் வந்த பிள்ளைகளின் சோகைக்கும் வயிற்றுவலிக்கும் காரணம் ஈயமாக இருக்கலாம் என்று ஐயுற்றார். வீடுவீடாகச் சென்று குருதி எடுக்க ஏற்பாடு செய்தார். ஆயிரக்கணக்கான குழந்தைகள் சோதிக்கப்பட்டனர். ஈயம் இருந்தது.

அன்றைய ஆட்சிக்கு உருக்காலை பெருமையின் சின்னம். அதன் காலடியில் பிள்ளைகள் நஞ்சுண்டு கிடப்பது வெளியே சொல்லக்கூடிய செய்தி அன்று. ஆகவே ஓசையின்றிக் காரியங்கள் நடந்தன. குழந்தைகள் நலவாழ்வு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஆலையை ஒட்டிய வீடுகள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் வேறிடம் மாற்றப்பட்டன. செய்தித்தாள்கள் எழுதவில்லை. இந்நோயைப் பற்றி அம்மருத்துவர் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடு தடுக்கப்பட்டது. அவர் தம் மருத்துவமனைப் பணிக்கே திரும்பினார். 2021இல் அவருக்குச் சிலேசியப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 2023இல் அவர் காலமானார். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் மேடுகளின் சிற்றுண்ணிகளும் எண்ணப்பட்டன. பிள்ளைகளின் குருதியில் கண்ட ஈயத்தை ஓர் அரசு மறைக்க முடிந்தது. லைக்கன் தன் உடலில் சேர்த்ததை மறைக்க எவரும் முயலவில்லை. யாரும் கேட்கவில்லை என்பதே காரணம்.

இம்மேடுகளை இன்று என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு; அதில் இரு தரப்பிலும் ஓர் எளிமைப்படுத்தல் இருக்கிறது. செத்த நிலம், மண் கொட்டி மூடி மரம் நடுவதே மீட்பு என்பது ஒன்று. அப்படி மூடினால் வேறெங்கும் வாழ இடமற்ற சமூகம் புதையும். 1992இல் இயற்றிய ஐரோப்பிய வாழிட நெறிமுறை, உலோக மண்ணின் புல்வெளிகளை 6130 என்னும் எண்ணிட்டுக் காக்க வேண்டிய வகையாகச் சேர்த்தது. ஓல்குஷ் அருகே புகோவ்னோவில் அத்தகைய புல்வெளிகள் பாதுகாப்பில் உள்ளன. 2017இல் தர்னோவ்ஸ்கியே கூரிச் சுரங்கம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானபோது, அதன் பழைய கழிவு மேடும் உடன் சேர்ந்தது. மற்றொரு தரப்பு, லைக்கனும் சிற்றுண்ணியும் வந்துவிட்டன, இயற்கை தானே ஆற்றிவிட்டது என்கிறது. ஆற்றவில்லை. ஈயம் எங்கும் போகவில்லை. சிலவகை உயிர்கள் அதனோடு வாழப் பழகியிருக்கின்றன, அவ்வளவே. அந்தப் பழக்கத்துக்கு அவை கொடுக்கும் விலை இடப்படாத முட்டைகளில் இருக்கிறது. மேடு பசுமையாகத் தெரிவதைக் காட்டி அதன் அடிவாரத்தில் குழந்தைகளை விளையாட விடலாம் என்று சொல்ல எந்த லைக்கனும் சான்று தராது.

ஓல்குஷின் கடைசிச் சுரங்கமான பொமொஜானி 2020இன் இறுதியில் மூடப்பட்டது. ஓராண்டு கழித்து நீரிறைக்கும் பம்புகளும் நிறுத்தப்பட்டன. அந்தப் பம்புகள் வெளியேற்றிய நீரே பல பத்தாண்டுகளாக ஷ்டோவா என்னும் சிற்றாற்றை ஓடச் செய்துகொண்டிருந்தது. தெளிந்த நீர், படகோட்டிகள் விரும்பி வந்த ஆறு. பம்பு நின்ற சில நாள்களில் ஆறு வற்றி, மணற்படுகை வெளித்தெரிந்தது. நிலத்தடியில் நீர், பழைய சுருங்கைகளை நிரப்பியபடி, நூற்றாண்டுகளுக்கு முந்திய தன் மட்டத்தை நோக்கி ஏறத் தொடங்கியது. கரைக்கு அப்பால் கழிவு மேடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் மேல் கிளாடோனியாவின் சாம்பல் செதில்கள், அச்செதில்களின் அடியில் எட்டுக்கால் உருண்டைகள்.